சக்கரம் சிறுத்தபோது

பருத்திப் பொதி ஏற்றிய மாட்டுவண்டிகள் இரவெல்லாம் நடந்து, விடியற்காலையில் கோயமுத்தூரை வந்தடைந்த காலம் ஒன்று இருந்தது. காங்கேயத்துக் காளைகள் பூட்டிய அவ்வண்டிகளின் அடியில் மூங்கிற்குழாய் ஒன்று தொங்கும். வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அதில் நிரப்பியிருப்பார்கள். அதற்கு வண்டி மை என்று பெயர். சக்கரம் முனகத் தொடங்கினால் வண்டிக்காரர் கீழே இறங்குவார். கடையாணியைக் கழற்றிச் சக்கரத்தைச் சற்றே வெளியே இழுப்பார். இருசின் மேல் மையைத் தடவி மீண்டும் மாட்டுவார். முனகல் நின்றுவிடும்.

இன்று அதே நகரத்து நூற்பாலை ஒன்றினுள் சென்று பாருங்கள். உயரமான உருளை வடிவக் கேன்கள் நிறையப் பஞ்சிழையைச் சுமந்துகொண்டு, ஓர் இயந்திரத்திலிருந்து மற்றோர் இயந்திரத்திற்குத் தரைமீது ஓடுகின்றன. பாபின்கள் நிறைந்த தள்ளுவண்டிகளும் ஓடுகின்றன. அவற்றின் அடியிலும் சக்கரங்கள் உண்டு. ஆனால் அவை உள்ளங்கையில் அடங்கக்கூடியவை. எந்தப் பக்கம் தள்ளினும் அந்தப் பக்கம் திரும்பும் இச்சிறு சக்கரங்களைக் காஸ்டர் என்று அழைக்கிறோம்.

ஆளுயரத்தை எட்டும் வண்டிச் சக்கரத்திற்கும் இந்தக் காஸ்டருக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு. சக்கரம் சுழல்கிறது, அச்சு சுழலாமல் நிற்கிறது. இவ்விரண்டும் தொடும் இடத்தில் நடப்பது யாது? அந்த இடத்தில் பாரத்தைத் தாங்கிக்கொண்டே சுழற்சிக்கு வழிவிடும் உறுப்பைத் தமிழில் தாங்கி என்கிறோம். பட்டறைகளில் பேரிங் என்கிறார்கள். கொங்கு நாட்டின் தொழில் வரலாற்றை இந்தச் சிறு உறுப்பின் வழியாகவும் படிக்கலாம்.

முதலில் மாட்டுவண்டியைக் காண்போம். அதன் சக்கரத்தில் நடுவே குடம், குடத்திலிருந்து விரியும் ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றி மரவட்டை, வட்டையின் மேல் இரும்புப் பட்டை என நான்கு பகுதிகள் உண்டு. குடத்தின் துளையில் இரும்புக் குழல் ஒன்றைச் செருகியிருப்பார்கள். இருசு அதனுள் நுழைந்து நிற்கும். குழல் இருசின்மேல் வழுக்கிச் சுழலும். தாங்கிகளில் மிகப் பழையது இதுவே. இதனை வழுக்குத் தாங்கி எனலாம்; இக்காலப் பட்டறை வழக்கில் இது புஷ். இதன் உயிர் எண்ணெயில் இருக்கிறது. இரும்பு இரும்பை நேரே தொட்டால் இரண்டும் தேயும். நடுவே மெல்லிய மைப்படலம் இருந்தால் தேய்மானம் குறையும்.

இவ்வளவு எளிய தாங்கியைக் கொண்டு இரண்டு காளைகள் ஒரு டன் பாரத்தை எவ்வாறு இழுத்தன? விடை சக்கரத்தின் அளவில் இருக்கிறது. உராய்வு உண்டாவது இருசின் மேற்பரப்பில். அதை வெல்லும் இழுவிசை செயற்படுவதோ சக்கரத்தின் முழு ஆரத்தில். சக்கரத்தின் ஆரம் 75 சென்டிமீட்டர் என்றும், இருசின் ஆரம் இரண்டரைச் சென்டிமீட்டர் என்றும் கொள்வோம். சக்கரம் இருசைவிட 30 மடங்கு பெரியது. ஆகவே அச்சில் உண்டாகும் உராய்வில் முப்பதில் ஒரு பங்குதான் காளையின் கழுத்திற்கு வந்து சேரும். மையிட்ட இரும்பின் உராய்வைப் பாரத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு என்று வைத்துக்கொண்டால், 1,000 கிலோ பாரத்திற்கு அச்சின் பொருட்டு வேண்டிய இழுப்பு வெறும் ஐந்து கிலோ எடைக்குச் சமம். மீதி உழைப்பெல்லாம் மேடு பள்ளத்திற்கும் மண்ணுக்குமே போயிற்று. பெரிய சக்கரம் அச்சின் குறையை மறைத்துவிடும் என்ற உண்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1888ஆம் ஆண்டில் இராபர்ட் ஸ்டேன்ஸ் முன்னின்று தொடங்கிய ஆலையோடு கோயமுத்தூரின் நூற்பாலை வரலாறு தொடங்குகிறது. ஆலை வந்ததும் சுமை நடக்கும் வழியே மாறிவிட்டது. வெளியே பருத்தி மைல் கணக்கில் நடந்தது. உள்ளே அது சில அடிகள்தான் நடக்கிறது. ஆனால் எத்தனை முறை! சுத்தம் செய்த பஞ்சு கார்டிங் இயந்திரத்தில் கயிறு போன்ற தளர்ந்த இழையாகிக் கேனில் சுருண்டு விழும். அந்தக் கேன் டிராயிங் இயந்திரத்திற்குப் போக வேண்டும். அங்கு நிறைந்த கேன்கள் சிம்ப்ளெக்ஸ் இயந்திரத்திற்குப் போக வேண்டும். அங்கு சுற்றிய பாபின்கள் நூற்கும் இயந்திரத்திற்குப் போக வேண்டும். நூற்ற நூல் மீண்டும் வண்டியேற வேண்டும். இடைவழியோ குறுகியது. அங்கே பெரிய சக்கரத்திற்கு இடமில்லை. வண்டி நின்ற இடத்திலேயே திரும்பவும் வேண்டும். ஆதலின் சக்கரம் சிறுத்தது. அதற்குத் திரும்பும் தலையும் வேண்டியதாயிற்று. நாற்காலி, மேசை முதலியவற்றின் கால்களுக்கான காஸ்டர் ஒன்றிற்கு அமெரிக்காவின் வாஷிங்டன் நகரத்து டேவிட் ஃபிஷர் என்பவர் 1876இல் காப்புரிமை பெற்றார். அத்தகைய சக்கரம் நாளடைவில் வீட்டுக்கூடத்திலிருந்து தொழிற்கூடத்திற்கும் பரவியது.

இப்பொழுது முன்பு போட்ட கணக்கை மீண்டும் போடுவோம். காஸ்டரின் ஆரம் ஐந்து சென்டிமீட்டர். அதன் அச்சாணியின் ஆரம் ஆறு மில்லிமீட்டர். சக்கரம் அச்சைவிட எட்டு மடங்குதான் பெரியது. அதே மையிட்ட இரும்பு என்றால், 200 கிலோ ஏற்றிய தள்ளுவண்டிக்கு அச்சின் பொருட்டு மட்டும் ஏறத்தாழ நான்கு கிலோ எடைக்குச் சமமான தள்ளுவிசை வேண்டும். பாரம் ஐந்தில் ஒன்றாகக் குறைந்தும் விசை அதே அளவில் நிற்கிறது! மை காய்ந்து, அழுக்கும் சேர்ந்து, உராய்வு நூற்றுக்கு நாற்பதாக உயர்ந்துவிட்டால் விசை பத்துக் கிலோவாகும். இதைத் தருவது காளையின் கழுத்தன்று. தொழிலாளியின் கையும் முதுகும் ஆகும். எட்டு மணி நேர வேலையில் எத்தனை முறை தள்ளுகிறாரோ அத்தனை முறையும் அந்த விசையை அவர் தம் உடலிலிருந்தே கொடுக்க வேண்டும். சக்கரம் சிறுக்கச் சிறுக்கத் தாங்கியின் குணம் மனித உடலை நேரே தொடுகிறது. தாங்கியின் வரலாறு நமக்கு முக்கியமாவது இந்த இடத்தில்தான்.

வழுக்குவதைவிட உருள்வது எளிது என்பதை மனிதன் மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தான். இத்தாலியில் நேமி என்னும் ஏரியின் நீரை 1928 முதல் 1932 வரை வடித்தபோது, கலிகுலா என்ற உரோமப் பேரரசன் காலத்துப் பெருங்கப்பல்கள் இரண்டு வெளிப்பட்டன. வெண்கலக் குண்டுகளின்மேல் சுழலுமாறு அமைத்த மேடையின் பகுதிகள் அங்கே கிடைத்தன. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட வேலை அது! பின்னர் லியோனார்டோ டா வின்சி, குண்டுகள் ஒன்றோடொன்று உராயாதபடி அவற்றைப் பிரித்து வைக்கும் அமைப்பைத் தம் குறிப்பேட்டில் வரைந்தார். 1794இல் வேல்ஸ் நாட்டின் கார்மார்தென் நகரத்து இரும்புத் தொழிலரான பிலிப் வான், வண்டியின் அச்சிற்குக் குண்டுத் தாங்கி அமைக்கக் காப்புரிமை பெற்றார்.

அறிவு இருந்தது, ஆயினும் பொருள் பரவவில்லை. ஏன்? ஒரே தாங்கியில் உள்ள குண்டுகள் அனைத்தும் ஒரே அளவில் இருத்தல் வேண்டும். ஒன்று மயிரிழை பெரிதாயினும் பாரம் முழுவதும் அதன்மேல் ஏறி, அது உடையும். அந்த அளவுக்குச் சமமான குண்டுகளைக் கையால் செய்வது அரிது.

இந்தத் தடையை உடைக்கும் தேவை சைக்கிளிலிருந்து வந்தது. 1869இல் பாரிஸ் நகரத்து ஜூல் சுரிரே சைக்கிளுக்கான குண்டுத் தாங்கிக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் பாரிஸிலிருந்து ரூவன் நகர் வரை நடந்த பந்தயத்தில் வென்ற ஜேம்ஸ் மூரின் வண்டியில் அத்தகைய தாங்கிகள் இருந்தன. 1883இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் ஃபிரீட்ரிக் ஃபிஷர், எஃகுக் குண்டுகளைச் சம அளவில் உருண்டையாகச் சாணை பிடிக்கும் இயந்திரத்தைப் படைத்தார். அதன் பிறகே குண்டுத் தாங்கி உலகப் பொருளாயிற்று. நம் ஊர்ச் சைக்கிள் கடைக்காரர் பால்ரஸ் மாற்ற வேண்டும் என்று சொல்லி, கிரீசுக்குள் குண்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கும்போது, அந்த வரலாறே அவர் விரல் நுனியில் இருக்கிறது.

குண்டு ஒரு புள்ளியில்தான் தொடும். ஆகையால் அதன் உராய்வு மிகக் குறைவு. பாரத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கே. ஆனால் புள்ளியில் தொடுவதால் பேரிடி விழுந்தால் ஓடுதளத்தில் குழி விழும். குண்டுக்குப் பதிலாக நீள் உருளையை வைத்தால் அது ஒரு கோட்டில் தொடும். அதிகப் பாரம் தாங்கும். இதுவே உருளைத் தாங்கி. உருளையைக் கூம்பாகச் செய்தால் மேலிருந்து வரும் பாரத்தையும் பக்கவாட்டில் வரும் அழுத்தத்தையும் ஒருங்கே தாங்கும். அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் குதிரைவண்டி செய்துவந்த ஹென்றி டிம்கன் 1898இல் கூம்புருளைத் தாங்கிக்குக் காப்புரிமை பெற்றார். வண்டி வளைவில் திரும்பும்போது பாரம் பக்கவாட்டில் தள்ளுவதை வண்டி செய்தவர் அறியாமலிருப்பாரா?

அடுத்த பெரும் முன்னேற்றம் ஒரு நூற்பாலையிலிருந்தே வந்தது என்பது கோயமுத்தூர் மாணவர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும். ஸ்வீடன் நாட்டின் கோட்டன்பர்க் நகரத்தில் ஒரு துணியாலையில் ஸ்வென் விங்க்விஸ்ட் என்ற இளைஞர் இயந்திரங்களைப் பேணும் பொறியாளராக இருந்தார். அக்காலத்து ஆலைகளில் ஒவ்வோர் இயந்திரத்திற்கும் தனி மோட்டார் இல்லை. கூரையை ஒட்டி நீண்ட தண்டு ஒன்று சுழலும். அதிலிருந்து வார்ப்பட்டைகள் இறங்கி இயந்திரங்களை ஓட்டும். அவ்வாலை நின்ற நிலமோ களிமண். நிலம் அசைந்தால் கட்டடம் அசையும், தண்டு வளையும், தாங்கி நெரிந்து கெடும், ஆலை நிற்கும். விங்க்விஸ்ட் நிலத்தை மாற்ற முனையவில்லை; தாங்கியை மாற்றினார். இரண்டு வரிசைக் குண்டுகளை வைத்து, வெளிவளையத்தின் உட்புறத்தைக் கோளத்தின் பகுதி போல் குழிவாக அமைத்தார். தண்டு சற்றே சாய்ந்தாலும் தாங்கி தானாகவே அதற்கேற்பச் சாய்ந்து கொடுத்தது. 1907இல் அதற்காகவே எஸ்.கே.எப். நிறுவனம் தோன்றியது.

இந்தச் சிறு பொருள் எவ்வளவு பெரியது என்பதை உலகிற்கு உணர்த்தியது போர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் தாங்கித் தொழில் குவிந்திருந்த ஷ்வைன்ஃபுர்ட் நகரை அமெரிக்க விமானங்கள் 1943 ஆகஸ்ட் 17ஆம் நாளிலும் அக்டோபர் 14ஆம் நாளிலும் தாக்கின. இரண்டாம் தாக்குதலில் மட்டும் 60 குண்டுவீச்சு விமானங்கள் வீழ்ந்தன. தாங்கி இல்லையேல் விமானமும் இல்லை, டாங்கியும் இல்லை என்பதை இரு தரப்பாரும் அறிந்திருந்தனர். இந்தியாவில் தாங்கி செய்யும் தொழிற்சாலைக்கு 1946இல் ஜெய்ப்பூரில் அடிகோலப்பட்டது. அதுவரை நம் நாட்டுச் சக்கரங்களுக்குள் சுழன்ற குண்டுகள் கடல் கடந்து வந்தவையே.

இனிக் கொங்கு நாட்டிற்குத் திரும்புவோம். இங்கே தாங்கியின் தேவையைப் பெருக்கியது மின்சாரம். நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. அதற்கு முன் கொங்கு உழவர் ஆழ்கிணற்றிலிருந்து கவலை ஏற்றத்தால் நீர் இறைத்தனர். காளைகள் சரிவில் இறங்க, கயிறு மர உருளையின் மேல் ஓட, தோற்பையில் நீர் மேலே வரும். அந்த மர உருளையின் அச்சும் வழுக்குத் தாங்கியே. மெதுவாகச் சுழல்வதற்கு அது போதும். மின்மோட்டார் நிமிடத்திற்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுழல்வது. அதன் சுழலும் பகுதிக்கும் நிலையான பகுதிக்கும் இடையே உள்ள வெளி ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாத அளவினது. தாங்கி சற்றுத் தேய்ந்தாலும் இரண்டும் உரசும், மோட்டார் கெடும். 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவும் ஜி. டி. நாயுடுவும் இந்நாட்டு மின்மோட்டாரைக் கோயமுத்தூரில் உருவாக்கியபோது, நுண்ணளவில் கடைதலும் தாங்கியைப் பொருத்துதலும் இந்நகரத்துக் கைகளுக்குப் பழகத் தொடங்கின. பீளமேட்டில் 1926இல் தோன்றிய பி. எஸ். ஜி. அறநிலையத்தின் தொழிற்கூடமும், 1951இல் தோன்றிய அதன் பொறியியற் கல்லூரியும் அப்பழக்கத்தைப் படிப்பாக மாற்றின. 1962இல் ஜி. கே. தேவராஜுலு நிறுவிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் நூற்பு இயந்திரங்களையே இங்குச் செய்யத் தொடங்கியது.

இத்தனை வகைகளில் காஸ்டருக்கு ஏற்றது எது என்று கேட்பீர்கள். குண்டுத் தாங்கிதான் புதியது, ஆகையால் அதுவே எங்கும் சிறந்தது என்று எண்ணுவது பிழை. ஒரு காஸ்டரில் தாங்கிக்கு இரண்டு இடங்கள் உண்டு. முதலாவது, சக்கரத்தின் அச்சு. முன்பு கணக்கிட்ட 200 கிலோ வண்டிக்கு நல்ல குண்டுத் தாங்கியைப் பொருத்தினால், அச்சின் பொருட்டு வேண்டிய விசை நூறு கிராமைக்கூட எட்டாது. தரையின் தடைதான் எஞ்சும். மருத்துவமனையில் நோயாளியைக் கிடத்தித் தள்ளும் வண்டிக்கு இதுவே தக்கது. ஆனால் வார்ப்படத் தொழிற்சாலைக்குச் செல்லுங்கள். அங்கே காற்றெல்லாம் மணல். மணல் துகள் குண்டிற்கும் ஓடுதளத்திற்கும் இடையே புகுந்தால் இரண்டையும் கீறிவிடும். இரும்புக் கட்டி வண்டியில் விழும் அதிர்ச்சி ஓடுதளத்தைக் குழியாக்கும். அங்கே உருளைத் தாங்கியோ, கிரீஸ் ஊட்டிய எளிய புஷ்ஷோதான் நெடுநாள் உழைக்கும்.

நூற்பாலையின் பகை மணலன்று, பஞ்சேதான். காற்றில் மிதக்கும் பஞ்சும் அறுந்த நூலும் சக்கரத்திற்கும் அதைப் பிடித்திருக்கும் கவைக்கும் இடையே சுற்றிக்கொள்ளும். பஞ்சு எண்ணெயை உறிஞ்சுவது. எனவே தாங்கி காய்ந்துபோகும். அதிகமாக எண்ணெய் விட்டாலோ அது தரையில் சிந்தி நூலைக் கறையாக்கும். இந்த இருதலைக்கொள்ளிக்குத் தீர்வாக இரண்டு வழிகள் வந்தன. எண்ணெயே வேண்டாத நைலான் புஷ் ஒன்று. கிரீஸை உள்ளே வைத்து இருபுறமும் மூடிய குண்டுத் தாங்கி மற்றொன்று. இவற்றோடு நூல் உள்ளே நுழையாதபடி இரு பக்கமும் வட்டத் தகடுகளைக் கட்டினர்.

இரண்டாவது இடம், திரும்பும் தலை. சக்கரத்தின் அச்சு தலையின் நேர்கீழே நில்லாமல் சற்று விலகியே இருக்கும். அதனால்தான் தள்ளும் திசைக்குப் பின்னால் சக்கரம் தானே வந்து அமைகிறது. இங்கே பாரம் மேலிருந்து நேரே அழுத்துகிறது. ஆகவே இரு தட்டுகளுக்கிடையே வட்டமாகக் குண்டுகளை அடுக்குவர். பெரும்பாரம் என்றால் கூம்புருளையும் சேரும். இத்தட்டுகள் தேய்ந்து குண்டுகள் உதிர்ந்துவிட்டால், வண்டி நேரே போக மறுத்துப் பக்கவாட்டில் இழுக்கும். அதை நேராக நிறுத்தத் தொழிலாளி தம் இடுப்பையும் தோளையும் திருக வேண்டியிருக்கும்.

கொங்கு நாட்டுச் சிறுவர்கள் ஒரு விளையாட்டு வண்டி செய்வதுண்டு. லாரிப் பட்டறையில் கழித்தெறிந்த பழைய பேரிங்குகள் மூன்றை வாங்கி, ஒரு பலகையின் அடியில் பொருத்துவார்கள். அங்கே தாங்கியே சக்கரமாகிவிடும். கரகரவென்ற ஓசையுடன் அவ்வண்டி சாலையில் இறங்கும்போது, அதன்மேல் அமர்ந்த சிறுவன் உராய்வின் இலக்கணத்தை நூலின்றிக் கற்றுக்கொள்கிறான்.

வண்டிக்காரருக்குத் தம் இருசின் முனகல் கேட்டது, இறங்கி மையிட்டார். காளையின் துன்பத்தைத் தம் துன்பமாகக் கருதியதால் அவர் செவி அதற்குத் திறந்திருந்தது. ஆலையிலும் பட்டறையிலும் மருத்துவமனையிலும் சுழலும் சிறு சக்கரங்கள் பெரும்பாலும் எவர் கண்ணிலும் படுவதில்லை. வாங்குபவர் ஒருவர், தள்ளுபவர் வேறொருவர். விலை குறைவென்று வாங்கிய தாங்கியின் மீதி விலையைத் தள்ளுபவர் தம் தோளால் கட்டுகிறார். நாளைக்குப் பொறியாளராகவும் மேலாளராகவும் வரவிருக்கும் மாணவர்கள், ஒரு தள்ளுவண்டியை வாங்கு முன் அதில் பாரம் ஏற்றி, ஒருமுறை தாமே தள்ளிப் பார்த்தல் வேண்டும். எந்தத் தாங்கி அங்கே தக்கது என்பதைப் பட்டியலைவிட அந்தக் கை தெளிவாகச் சொல்லும்.